காரீயத்தின் கடினத்தை அளக்க எந்தக் கருவி? காட்பாடிப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

காட்பாடியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் 11 ஆண்டுகளாகக் காரீயம் வார்த்து வருகிறேன். வார்ப்பவை மூன்றே பொருள்கள்: சரக்கு மூட்டைகளுக்கு இடும் முத்திரை வில்லைகள், காவேரிப்பாக்கம் ஏரியில் வீச்சு வலை போடுபவர்கள் கேட்டு வாங்கும் வலைக்குண்டுகள், ராணிப்பேட்டைப் பட்டறைகளில் ஃபிட்டர்கள் எந்திர உறுப்பைக் காயப்படுத்தாமல் தட்டிப் பொருத்தப் பயன்படுத்தும் ஈயச் சுத்தியல்கள். முதல் இரண்டுக்கும் ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும். குறட்டில் வைத்து அழுத்தினால் வில்லையில் எழுத்து பதிய வேண்டும், கயிற்றில் கோத்து நசுக்கினால் குண்டு பிளக்கக் கூடாது. சுத்தியல் மட்டும் சற்றுத் திடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அதன் முகம் காளான்போல் விரிந்துவிடும்.

இத்தனை காலமும் நகத்தால் கீறிப் பார்த்தும், தரையில் போட்டு ஓசை கேட்டுமே ஈயத்தைத் தரம் பிரித்து வந்தேன். மெத்தென்ற ஈயம் விழுந்தால் ‘தொப்’பென்று செத்த ஓசை வரும், ஈயத்தை இறுக்கும் ஆண்டிமனி என்ற உலோகம் கலந்தது சற்றே கணீரென்று ஒலிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் பழைய அச்செழுத்துகளை எடைக்கு வாங்கியபோது, அவற்றில் ஒரு பகுதியை மற்ற ஈயத்தோடு சேர்த்து உருக்கிவிட்டேன். அச்செழுத்து உலோகத்தில் ஆண்டிமனியும் வெள்ளீயமும் நிறைய உண்டு என்பது எனக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம்தானே என்று இருந்துவிட்டேன். அந்த உருக்கில் வார்த்த வலைக்குண்டுகள் நசுக்கும்போதே விரிசல் விட, மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் டெஸ்டர் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். நான் கையாண்டு பார்த்தவற்றைப் பற்றியது இந்தக் குறிப்பு.

தேடத் தொடங்கியதுமே ஒன்று தெரிந்தது. வார்ப்பு ஈயத்தின் கடினத்தைச் சிறிய அளவில், சொந்தக் கொட்டகையில் அளக்க வேண்டிய தேவை உலகில் யாருக்கு அதிகம் என்றால், அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்ளும் பொழுதுபோக்காளர்களுக்கு. குண்டு தேவைக்கு மேல் மெத்தென்று இருந்தால் வேகமாகச் செல்லும்போது குழலின் சுருள் வரிகளில் ஈயம் அப்பிக்கொள்ளும். தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் அது குழலோடு சரியாகப் பொருந்தி அடைக்காது, அதனாலும் ஈயம் படியும். ஆகவே அவர்களுக்கென்றே சிறு கருவிகள் பல விற்கப்படுகின்றன. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அந்தப் பயன்பாட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் ஈயம் யார் கையில் இருந்தாலும் ஈயம்தான். அவர்கள் கண்டறிந்த அளவுகள் வலைக்குண்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

அளவுகோல் பிரினெல் எண். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் வெளியிட்ட முறை இது. அதே 1900இல்தான் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள எளிது. கடினமான ஒரு சிறு உருண்டையைத் தெரிந்த எடையால் உலோகத்தின்மேல் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை அளந்து, எடையைக் குழியின் வளைபரப்பால் வகுத்தால் கிடைப்பது பிரினெல் எண். தூய காரீயத்துக்கு இது சுமார் 5. கார்ச் சக்கரங்களில் சமநிலைக்காக விளிம்பில் கவ்வி மாட்டும் ஈயத் துண்டுகளுக்கு 9 முதல் 12 வரை வரும். 4 விழுக்காடு வெள்ளீயமும் 12 விழுக்காடு ஆண்டிமனியும் கொண்ட லைனோடைப் அச்சு உலோகத்துக்கு 22. சாதாரண இரும்புக்கே நூறைத் தாண்டிவிடும் இந்த அளவுகோலில் நமக்கு வேண்டியது 4க்கும் 25க்கும் இடைப்பட்ட ஒரு சின்ன மூலை. எஃகுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் ஈயத்திடம் தோற்பதற்குக் காரணம் இதுவே.

முதலில் கிடைத்தது லீப் முறைக் கையடக்கக் கருவி. ராணிப்பேட்டையில் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) ஆலை இருப்பதால் அதைச் சுற்றியுள்ள கட்டுமானப் பட்டறைகளில் இதைப் பார்ப்பது அரிதல்ல; நண்பர் ஒருவர் ஒருநாள் கொடுத்து உதவினார். குழலுக்குள் இருக்கும் சிறு முனை உலோகத்தில் மோதி எவ்வளவு வேகத்தில் திரும்பி எகிறுகிறது என்பதை வைத்து இது எண் சொல்கிறது. வழக்கமான ‘டி’ வகை முனைக்குச் சோதிக்கப்படும் பொருள் குறைந்தது 5 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வலைக்குண்டோ உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு அடங்கும். கட்டியாக வார்த்து வைத்தும் பார்த்தேன். ஈயம் அடியை வாங்கி விழுங்கிவிடுகிறது, முனை எகிறுவதே இல்லை. கருவியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது பிறந்த வேலை வேறு.

ஆம்பூரில் ஷூ அடிப்பாகம் வார்க்கும் ஆலைகளில் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் மானி மேசைக்கு மேசை இருக்கும். அதில் ‘ஏ’ வகை ரப்பருக்கு, ‘டி’ வகை கெட்டியான பிளாஸ்டிக்குக்கு. ‘டி’ வகையை ஈயத்தின்மேல் வைத்து அழுத்தினால் முள் ஓர் எண்ணைக் காட்டுகிறது, ஆனால் அதில் நிற்பதில்லை. கையை எடுக்காமல் வைத்திருக்க வைத்திருக்க இறங்கிக்கொண்டே போகிறது. பயனில்லாத சோதனைதான், ஆனால் இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது: ஈயம் சுமையின்கீழ் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொண்டே இருக்கும் உலோகம், ஆகவே எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்று சொல்லாத எண்ணுக்கு ஈயத்தைப் பொறுத்தவரை பொருளே இல்லை.

தோல் பதனிடும் ஆலைகளுக்கு ஃபைபர் தொட்டி செய்பவர்களிடம் பார்கால் என்ற கருவி இருக்கிறது. கையால் அழுத்தும் ஊசி முனை, மேலே நூறு வரை எண்ணிட்ட முகப்பு. அவர்களிடம் இருப்பது 934-1 என்ற வகை. ஈயத்தின்மேல் வைத்தால் முள் பயன்படும் அளவுக்கு எழவில்லை. இதிலேயே 936 என்றொரு வகை, காரீயம், தோல், லினோலியம் போன்ற மிக மெத்தென்ற பொருள்களுக்கென்றே உண்டு. தோலும் ஈயமும் ஒரே கருவியின் பட்டியலில் வருவதைப் பார்த்து, வட ஆற்காட்டுக்காரனுக்காகவே செய்தார்களோ என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த வகை இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை; ஒரு சிறு கொட்டகைக்காக அதைத் தருவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பென்சில். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் குண்டு வார்ப்பவர்களிடம் இது நெடுநாளாக வழங்கும் முறை. ஓவியப் பென்சில் தொகுப்பு ஒன்றை வாங்கி, மரத்தை மட்டும் சீவி, கரிக்குச்சியின் முனையை மணல்தாளில் தட்டையாகத் தேய்த்து விளிம்பைக் கூர்மையாக்கி, அரத்தால் சமப்படுத்திய ஈயப்பரப்பில் 45 பாகைச் சாய்வில் முன்னோக்கித் தள்ள வேண்டும். மெத்தென்ற பென்சில் வழுக்கிக் கோடு மட்டும் இழுக்கும்; ஈயத்தைவிடக் கடினமான பென்சில் அதைச் சீவி எடுக்கும். மெத்தென்றதிலிருந்து தொடங்கி, முதலில் சீவி எடுக்கும் பென்சில் எதுவோ அதுவே அளவு. மெத்தென்ற 6 பி சீவினால் தூய காரீயத்துக்கு அருகில், அதைவிடக் கடினமான எச்.பி. வரை போக வேண்டியிருந்தால் பிரினெல் 14, 15 என்று தோராயமாகக் கொள்ளலாம். பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டே சாக்கில் உள்ளதைத் தரம் பிரிக்க இதைவிடச் சிறந்தது இல்லை. சட்டைப் பையில் மூன்று பென்சில் போதும். ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பையே எப்போதும் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் ஒருவருடைய 2 பி மற்றவருடைய 2 பி அல்ல. 10க்கும் 12க்கும் உள்ள வேறுபாட்டை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

காசே செலவில்லாத இன்னொரு முறையும் உண்டு. தூய காரீயம் என்று உறுதியாகத் தெரிந்த வில்லை ஒன்று, சோதிக்க வேண்டிய வில்லை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சைக்கிள் கடையில் கிடைக்கும் கால் அங்குல பால்ஸ் (எஃகு உருண்டை) ஒன்று. மூன்றையும் வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) வைத்து முறுக்கினால் இரு பக்கமும் குழி விழும். எவ்வளவு முறுக்கினோம் என்பது தெரிய வேண்டியதே இல்லை, இரு பக்கத்துக்கும் ஒரே விசைதான் போய்ச் சேர்ந்திருக்கும். தூய ஈயத்தின் குழி விட்டத்தை மற்றதன் குழி விட்டத்தால் வகுத்து, அந்த ஈவைத் தன்னாலேயே பெருக்கி, 5ஆல் பெருக்கினால் தோராயமான பிரினெல் எண் கிடைத்துவிடும். ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், மறு பக்கம் 2 என்றால் விடை 11 சொச்சம். சூத்திரம் கணக்காசிரியர் முகம் சுளிக்கிற அளவுக்குத் தோராயமானது. ஆனால் இம்முறையின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கல் குழியின் விட்டத்தை அளப்பதில். வெர்னியர் காலிப்பரின் வாய் குழியின் விளிம்பில் உட்காராது, கண் எங்கே விளிம்பு என்று நினைக்கிறதோ அதுவே அளவாகிவிடும்.

அமெரிக்கக் கருவிகளில் பரவலாக அறியப்பட்டது லீ நிறுவனத்தின் பெட்டி. உறவினர் ஒருவரிடம் இருந்ததை அவர் ஊருக்கு வந்தபோது பார்த்தேன். 5/32 அங்குல, அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உருண்டை. 60 பவுண்டு அழுத்தம் கொடுக்கும் சுருள்வில். கூடவே 20 மடங்கு பெரிதாக்கும், அளவுக்கோடு பொறித்த பேனா போன்ற நுண்ணோக்கி. உள்ளிருக்கும் தண்டு மேல்மட்டத்துக்குச் சமமாக வரும்வரை அழுத்தி, அப்படியே 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். குழி 0.060 அங்குலம் இருந்தால் பிரினெல் 14.3 என்று அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான் காகிதத்தில் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. எண்ணை மறைக்காமல் எடை, உருண்டை, நேரம் மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லும் கருவி என்பதால் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் இரண்டு. இது தோட்டா அடைக்கும் கையழுத்தியில் திருகிப் பொருத்துவதற்கென்று செய்யப்பட்டது. அந்த அழுத்தி என்னிடம் இல்லை, இருக்கவும் வழியில்லை. மற்றது என் கை. நுண்ணோக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைப் படிக்க என் வயதில் கை ஒத்துழைப்பதில்லை. தாங்கி ஒன்று செய்துகொண்டால் எவரும் படிக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் தேர்ந்தெடுத்தது கடையில் விற்கும் கருவி எதையும் அல்ல. உலோகச் சோதனைக்கான தரநிலைகள் காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் ஓர் எளிய விதியை வைத்திருக்கின்றன: கிலோவில் சொல்லும் சுமையும், மில்லிமீட்டரில் சொல்லும் உருண்டை விட்டத்தின் வர்க்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் உருண்டைக்கு 25 கிலோ, 10 மில்லிமீட்டருக்கு 100 கிலோ. 25 கிலோ நம் கைக்கு எட்டிய சுமை. ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் நெம்புகோல் ஒன்று செய்து, அதன் நுனியில் 5 கிலோ படிக்கல் ஒன்றைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. அரசு முத்திரை குத்திய படிக்கல்லைவிட நம்பகமான வில் எந்தக் கருவியிலும் இல்லை; வில் தளரும், கல் தளராது.

லேத் பட்டறை மேஸ்திரியிடம் வரைபடத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

“ஏன் சார், கல்லோட எடையக் கணக்குல வச்சீங்க, இந்தத் தண்டோட எடைய எங்க வச்சீங்க?”

வைக்கவில்லைதான். பிறகு இருவருமாக உருண்டை வந்து அமரும் இடத்துக்குக் கீழே மின்னணுத் தராசு ஒன்றை வைத்து, தண்டின் எடையும் சேர்ந்து சரியாக 25 கிலோ காட்டும்வரை கல்லின் கொக்கியை உள்ளே தள்ளி அந்த இடத்தில் காடி வெட்டினோம். இரும்பும் கூலியும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் அடங்கியது. மேசையில் நிற்கும் தாங்கியோடு கூடிய 20 மடங்கு அளவு நுண்ணோக்கிக்கு அதைவிட அதிகம் செலவானது. இந்த விகிதம் சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். பிழை வருவது சுமையில் அல்ல, விட்டத்தைப் படிப்பதில்தான். கணக்கைப் பாருங்கள்: இந்த அமைப்பில் குழி 1.6 மில்லிமீட்டர் என்றால் பிரினெல் 12.1, அதையே 1.5 என்று படித்துவிட்டால் 13.8, 1.7 என்று படித்தால் 10.7. மெத்தென்ற பக்கத்தில் இந்த ஆபத்து குறைவு, குழி 2.4 ஆனால் 5.2, 2.5 ஆனால் 4.75, இரண்டுமே வலைக்குண்டுக்கு ஏற்றவை. கடினமான பக்கத்தில் 22ஐத் தொடும்போது குழி 1.2 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, விட்டம் உருண்டையின் கால் பங்குக்கும் கீழே போகத் தொடங்குகிறது. அதற்கு மேல் இந்த அமைப்பின் சொல்லை நான் நம்புவதில்லை. அச்செழுத்து உலோகம் என்று கண்டுகொள்ள அதுவே போதும், அது சுத்தியல் பக்கம் போய்விடும்.

பயன்படுத்தும் முறை கருவியைவிட முக்கியமாகிவிட்டது. பொருளை நேரே சோதிப்பதில்லை. ஒவ்வொரு உருக்கிலிருந்தும் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வில்லை தனியாக வார்த்து ஆறவிடுகிறேன், ஏனெனில் குழியின் ஆழத்தைப்போல் எட்டு மடங்காவது தடிமன் இருக்க வேண்டும். பரப்பை அரத்தால் மெல்லச் சமப்படுத்துவேன். சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துவது பெரிய தவறு. இரும்பும் செம்பும் தட்டத் தட்ட இறுகும். ஆண்டிமனி ஈயமோ அடிபட்டால் இளகிவிடும். குழிகளை விளிம்பிலிருந்து தள்ளி, ஒன்றுக்கொன்று இடம் விட்டு, மூன்று இடங்களில் இடுகிறேன். கடிகாரம் பார்த்து 30 விநாடி. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் குழியின் விளிம்பு நிழலோடு தெளிவாகத் தெரியும்; குறுக்கும் நெடுக்குமாக இரு அளவு எடுத்துச் சராசரி.

சோதிக்கும் நாளையும் குறித்து வைக்க வேண்டும். ஆண்டிமனியும் சிறிது ஆர்செனிக்கும் உள்ள ஈயம், குறிப்பாக அச்சிலிருந்து சூடாக விழுந்ததும் தண்ணீரில் போட்டால், அடுத்தடுத்த நாட்களில் இறுகிக்கொண்டே போகும். சக்கர ஈயத்தில் வார்த்த சுத்தியல் வில்லை முதல் நாளில் ஓர் எண்ணும் பத்தாம் நாளில் வேறோர் எண்ணும் காட்டியபோது கருவி கெட்டுவிட்டதென்று ஒரு மாலை முழுவதும் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். கருவி நன்றாகவே இருந்தது.

இதைவிட எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் வெயில். காரீயம் உருகுவது 327 பாகை செல்சியஸில். தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து, அதாவது சுழிக்குக் கீழ் 273 பாகையிலிருந்து எண்ணினால் நம் அறையின் சாதாரண வெப்பமே அந்த உருகுநிலையில் பாதி. இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி வைத்துச் சோதிப்பதற்கு ஒப்பானது இது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் பிற்பகலில் இட்ட குழி, மார்கழிக் காலையில் இட்ட குழியைவிடப் பெரிதாக விழுவதில் வியப்பில்லை. ஆகவே எல்லாச் சோதனையும் காலை ஏழு மணிக்குள், வீட்டுக்குள் இரவெல்லாம் கிடந்த வில்லையின்மேல்தான். ஒவ்வொரு முறையும் முதல் குழியைத் தூய ஈய வில்லையில் இட்டுப் பார்க்கிறேன். அது வழக்கமான அளவில் விழவில்லை என்றால் அன்றைக்குச் சோதனை கிடையாது.

கருவி வந்த செய்தி தெருவில் பரவியதும் பக்கத்து வீட்டு அக்கா ரசம் வைக்கும் ஈயச் சொம்பைக் கொண்டுவந்து, இதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நம் மொழியில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர். சொம்புக்கு ஆக வேண்டியது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. ஆனால் தூய வெள்ளீயமும் தூய காரீயமும் கடினத்தில் ஏறக்குறைய ஒன்றே என்பதால் எந்த ஹார்ட்னஸ் டெஸ்டராலும் இதற்கு விடை சொல்ல முடியாது. அடர்த்தியே சொல்லும்: வெள்ளீயம் தண்ணீரைப்போல் 7.3 மடங்கு, காரீயம் 11.3 மடங்கு. எடை பார்த்து, தண்ணீரில் அமிழ்த்தி மீண்டும் எடை பார்த்தால் பெரிய கலப்படம் தெரிந்துவிடும், சிறிய கலப்படம் தெரியாது. ஐயம் இருந்தால் அதில் ரசம் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

என் அமைப்பிலும் குறை உண்டு. நெம்புகோலின் அச்சாணியில் துருவும் தூசியும் சேர்ந்தால் உராய்வு ஏறிச் சுமை குறைகிறது. மாதம் ஒருமுறை தராசை அடியில் வைத்துச் சரிபார்க்கிறேன். கல்லைத் தொங்கவிடும்போது மெல்ல இறக்காமல் விட்டுவிட்டால் குழி ஆழமாகிவிடும், பையன்களிடம் கொடுத்தால் அப்படித்தான் ஆகிறது. எடுத்துக்கொண்டு எங்கும் போக முடியாது, ஆகவே பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது இன்னும் பென்சில்தான். சக்கர ஈயம் என்று கொடுப்பதில் இப்போது துத்தநாகத் துண்டுகள் கலந்து வருகின்றன. அவை ஓர் உருக்கையே கெடுத்துவிடும், ஆனால் அவற்றுக்குக் கருவியே வேண்டாம், வெட்டுக் குறட்டில் கடித்தால் ஈயம் இறங்கும், துத்தநாகம் இறங்காது.

வாரத்தில் ஓரிரு உருக்குக்கு மேல் போடாதவர்களுக்கு பால்ஸும் வைஸும் தாங்கியோடு கூடிய நல்ல நுண்ணோக்கியுமே போதும். நெம்புகோலைப் பிறகு செய்துகொள்ளலாம், நுண்ணோக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அரத்தூளைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டுபோகாமல், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அச்செழுத்து கலந்த அந்தப் பழைய உருக்கின் மிச்சத்தைச் சென்ற மாதம் அளந்தேன்: குழி 1.5, பிரினெல் 13.8. மூன்று சுத்தியலுக்குச் சரியாக இருந்தது.